நிறம் படாத எட்டு வரி

உட்கார்ந்தால்தான் எனக்கு இடுப்பு வலிக்கிறது. இருபத்திரண்டு வருஷம் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கினேன். அப்போதெல்லாம் வலி படுத்த பிறகு வரும், விடிந்ததும் போய்விடும். முதுகுத்தண்டில் டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, என்னை மாடி அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்த பிறகு வந்த வலி அப்படி இல்லை. இடுப்பில் ஆரம்பித்து இடது தொடை வழியாக இறங்கி, கட்டைவிரலில் போய் நின்றுகொள்கிறது. போவதே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினேன். பாதிப் படியில் வாடை வந்தது. மீன் வாடை எனக்குப் பழக்கம். இது மீன் வாடை இல்லை, மீன் இருந்த இடத்தின் வாடை.

எங்கள் கிடங்கில் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றும் லாரி உள்ளே போய்த் திரும்பும் அளவு பெரிசு. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. ஏழாம் அறையின் இயந்திரம் சனிக்கிழமை மதியமே நின்றுபோயிருக்கிறது. ஞாயிறும் திங்களும் கிடங்கு மூடியிருந்தது. அப்படி எந்த அறையில் சூடு ஏறினாலும் கம்ப்யூட்டர் தானாகவே காவலாளியின் போனுக்கு அடிக்க வேண்டும். காவலாளி மூன்று நாளும் வாசலில்தான் இருந்தார். போன் அடிக்கவில்லை. கதவைத் திறந்தபோது நானூற்றுப் பதினாறு பெட்டிகளும் கால் மடங்கி உட்கார்ந்திருந்தன. கீழே பழுப்புத் தண்ணீர்.

அதைச் சுமந்து வெளியே கொட்டியது என் பழைய கூட்டாளிகள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒருவனும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்தது, பேச்சு ஏற்கெனவே மாடியைச் சுற்றி வந்துவிட்டது என்று.

ஏனென்றால் அந்தப் போன் அடிப்பதும் அடிக்காததும் எங்கள் இரண்டு பேர் கையில் இருந்தது. ஒன்று நான். இன்னொன்று என் கொழுந்தியா.

இவளுக்கு வீட்டில் தீப்பெட்டி என்று பேர். ஆள் சின்னது, உரசினால் போதும். என் மனைவிக்கு ஒன்பது வயது இளையவள். படித்து, கிடங்கின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்து, எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று வருஷமாக இருந்தாள். என் இடுப்பு போனபோது, "மாமாவ அனுப்பிடாதீங்க, எனக்கு சரிபார்க்க ஒரு ஆள் வேணும்"னு மேனேஜரிடம் கேட்டு எனக்கு அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அதை அவள் ஒரு தடவைகூட சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு அவளைச் சந்தேகப்படுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை இதுதான். பன்னிரண்டு அறைகளுக்கும் ஒரே கோப்பு. "அறை 1" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்று வரி: எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் பொறுக்கலாம், யாருக்குப் போன். பிறகு "அறை 2". இப்படியே பன்னிரண்டு வரை. கோப்பில் என்ன மாற்றினாலும், பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் உண்டு. என்ன மாறியது என்று அது காட்டும். மாற்றுவது தீப்பெட்டி. பார்த்து, அச்சடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, பச்சைக் கோப்புறையில் செருகுவது நான். ஒரு ஆள் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது கிடங்கின் சட்டம். கீழே தளத்திலும் அப்படித்தான்: ஏற்றுகிறவன் எண்ண மாட்டான், எண்ணுகிறவன் ஏற்ற மாட்டான்.

முதலில் அந்த மென்பொருள் மாறிய வரியை முழுசாகக் காட்டியது. பழைய வரி முழுக்கச் சிவப்பு, கீழேயே புதிய வரி முழுக்கப் பச்சை. இரண்டுக்கும் நடுவில் எந்தச் சொல் மாறியது என்று தேடுவதற்குள் எனக்குக் கண் இருட்டும், இடுப்பு கழன்றுவிடும். பிறகு அவள் அதைச் சொல்வாரியாகக் காட்டும்படி மாற்றி வைத்தாள். போன சொல் சிவப்பு, வந்த சொல் பச்சை, மற்றதெல்லாம் கறுப்பு. எனக்குக் கும்பிடு போடலாம் போல இருந்தது. தளத்தில் பெட்டி எண்ணும்போது ஒவ்வொரு பெட்டி மேலும் கை வைத்து எண்ணுவோம், கண்ணால் எண்ணினால் ஏமாந்துபோவோம். இங்கேயும் அதையே செய்தேன். அச்சடித்த தாளில் நிறம் பட்ட ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, பென்சிலால் ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தால் கையெழுத்து.

ஆறு மாசத்தில் எழுபத்து மூன்று தாள். ஒன்றில்கூடத் தப்பு இல்லை என்று எனக்குப் பெருமை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்.

பத்து மணிக்கு மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். நீள மேஜை. அவர், நான், தீப்பெட்டி, காவலாளி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நெட்டை, இயந்திர மெக்கானிக், தளத்து மேஸ்திரி, சரக்குக் கணக்குப் பார்க்கும் அம்மாவும் அவருக்கு உதவி செய்யும் பெண்ணும், லாரி அனுப்புகிறவர். என்னைத் தவிர ஒன்பது பேர். எண்ணி வைத்திருக்கிறேன்.

"ஏன் போன் அடிக்கல?" என்றார் மேனேஜர்.

தீப்பெட்டி எழுந்து நின்றாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. "காலைல ஆறு மணிக்கு வந்து பார்த்தேன் சார். கோப்புல ஏழாம் அறை ஆறாம் அறைக்கு உள்ள போயிருந்துச்சு. அதனால கம்ப்யூட்டர் ஏழுன்னு ஒரு அறை இருக்கறதையே மறந்துடுச்சு. பதினொரு அறையத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. நான் உடனே வெளிய எடுத்து வெச்சுட்டேன். இப்ப பன்னெண்டு."

"எடுத்து வெச்சுட்டியா? யார் பார்த்தா, அது உள்ள போயிருந்தத?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

 மெக்கானிக் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் சந்தேகம் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தது.

"கடைசியா எப்ப மாத்தின?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. மாமா பார்த்து கையெழுத்து போட்டாங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பச்சைக் கோப்புறையைத் திறந்து வெள்ளிக்கிழமைத் தாளை மேஜை நடுவில் வைத்தேன்.  மூன்று இடத்தில் நிறம். காவலாளியின் பழைய எண் போய்ப் புது எண். இரண்டாம் அறையின் டிகிரி. ஒன்பதாம் அறையின் நிமிஷம். மூன்றிலும் என் பென்சில் கோடு. நடுவில் ஆறாம் அறையும் ஏழாம் அறையும் எட்டு வரி, சுத்தக் கறுப்பு. ஒரு சொல்லுக்கும் நிறம் இல்லை.

"பாருங்க சார்," என்றேன். "ஏழாம் அறை இதுல இருக்கு. ஒரு சொல்லும் மாறல. நான் கையெழுத்து போடும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப எப்ப மாறுச்சு?"

நான் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் கீழே ஜன்னல் வழியாகப் பார்த்த முதுகுகள் ஞாபகம் வந்தன. "எனக்கு அப்புறம்தான் மாறியிருக்கணும். பேப்பர் பொய் சொல்லாது. எனக்கப்புறம் அதுல கை வெக்கக் கூடியது ஒரு ஆள்தான்."

தீப்பெட்டி என்னைப் பார்த்தாள். உரசவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாமா, அது வெறும் சொல்ல மட்டும்தான் காட்டும். வரியா மாத்தி ஒரு தடவ பாருங்க. சார், நான் காட்டறேன், ரெண்டு நிமிஷம்."

"நீ இனிமே கம்ப்யூட்டர தொடாத," என்றார் மேனேஜர்.

"பழைய பதிவெல்லாம் அப்படியே இருக்கு சார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அப்புறம் இன்னிக்கு காலை வரைக்கும் ஒரு மாத்தமும் இல்ல. நேரத்தோட எழுதியிருக்கும்."

"அந்தப் பதிவுக்கு சாவி யார்கிட்ட?"

 சாவி அவளிடம்தான். பதிவைத் திருத்தி எழுதக்கூடிய ஒரே ஆளும் அவள்தான் என்று அவளே எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அதையும் நான் அந்த மேஜையில் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன்.

மத்தியானத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். காரணம் என்று எழுதியது: ஒப்புதலுக்குப் பின் கோப்பைத் திருத்தி, தடயத்தை அழித்தது. கையெழுத்துக்கு முன்னால் நடந்த தப்பு என்றால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். ஏமாற்று என்று எழுதினால் அடுத்த வேலைக்கும் அதே காகிதம் பின்னாலேயே போகும். அவளுக்குப் போனது வேலை மட்டும் இல்லை.

வீட்டுக்குப் போனபோது முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. என் மனைவி அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேவையில்லாத பாத்திரம்.

"ஏங்க, அவ மாத்தினத நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? பேப்பர் இருக்கு."

"பேப்பர் கூடப் பொறக்கல. அவ என்கூடப் பொறந்தவ."

"கூடப் பொறந்தா கை தப்பு பண்ணாதா?"

"தப்பு பண்ணும். மறைக்காது. அடுப்புல பால வழிய விட்டாக்கூட ஓடி வந்து சொல்ற ஜென்மம் அது. தெருவுக்கே கேக்கற மாதிரி."

 பதிலுக்குச் சொல்ல என்னிடம் சரக்கு இருந்தது. ஒரு மாசமாக அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்த் தணிந்த குரலில் பேசுகிறாள். நான் வந்தால், "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள், நான் தண்ணீர் எடுக்கப் போனதும் மூடிவிட்டாள். இதையெல்லாம் அப்போது பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். இப்போது ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அடுக்க அடுக்க நன்றாகவே நின்றது. பெட்டி அடுக்கத் தெரிந்தவனுக்குச் சந்தேகம் அடுக்கவா தெரியாது.

"யார்கிட்ட பேசறா படிக்கட்டுல?" என்று கேட்டேன்.

மனைவி திரும்பவில்லை. "வாடகைக்கு ஒரு ரூம் பாக்கறா. உங்களுக்கு இடுப்பு வலி, கால நீட்டிப் படுக்க முன்னறை வேணும்னு நெனைக்கறா. சொன்னா நீங்க விட மாட்டீங்கன்னு மறைச்சா."

அடுக்கியதில் ஒன்று சரிந்தது. ஆனால் கீழே இருந்தவை நின்றன. ரூம் பார்த்தது நிஜமாக இருக்கலாம், மற்றதும் நிஜமாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் என்னையும் நெட்டையையும் கூப்பிட்டார். வெளியிலிருந்து மென்பொருள் ஆள் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கை பட்டது எதுவும் கோப்பில் இருக்கக் கூடாது என்றார்.

"வெள்ளிக்கிழமை பேப்பர் இருக்குல்ல, நீ கையெழுத்து போட்டது. அதுல ஆறும் ஏழும் எப்படி இருக்கோ அப்படியே அடி. இன்னொருத்தன் பக்கத்துல இருந்து பார்க்கட்டும். எனக்கு இங்க யாரையும் நம்பறதுக்கு இல்ல."

யாரையும் என்று சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். திரையின் மேல் மூலையில் ஒரு எண் எப்போதும் இருக்கும்: கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டிருக்கும் அறைகள். பன்னிரண்டு என்று இருந்தது. நெட்டை தன் நீளக் காலை மேஜைக்கு அடியில் மடிக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டினான். தளத்தில் சரக்குச் சீட்டு படிக்கப் பயன்படுத்தும் இரும்பு அளவுகோலைக் கொண்டு வந்திருந்தான். வரிக்குக் கீழே அதை வைத்துத்தான் அவனுக்குப் படிக்க வரும்.

"அண்ணே, நீங்க அடிங்க, நான் சொல்றேன். எழுத்துக்கு எழுத்து. நாளைக்கு என்னையும் சேத்து தூக்கிடப் போறாரு."

"உன்னத் தூக்க ரெண்டு ஃபோர்க்லிஃப்ட் வேணும். சொல்லு."

"அறை ஆறு. ஓரத்துல இருந்து."

அடித்தேன்.

"அடுத்த வரி, நாலு இடம் தள்ளி. டிகிரி, மைனஸ் பதினெட்டு."

அடித்தேன். அவன் சொன்ன மாதிரியே நாலு முறை தட்டி இடம் விட்டேன். இப்படி ஆறாம் அறையின் நாலு வரியும் முடிந்தது.

"அறை ஏழு. நாலு இடம் தள்ளி."

அடித்தேன். அதன் கீழ் வரிகள் மூன்றும் எட்டு இடம் தள்ளி. அடித்துச் சேமித்தேன்.

மூலையில் இருந்த எண் பதினொன்று ஆனது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க ஏதோ தப்பா தட்டிட்டீங்கண்ணே."

"நீ தப்பா படிச்சிருப்ப."

அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தோம். நெட்டை இந்த முறை அளவுகோலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தான். பதினொன்று. மூன்றாவது முறையும் பதினொன்று.

"எத்தன இடம் தள்ளின்னு சொன்ன?" என்று கேட்டேன். "ஏழுக்கு."

"நாலு. பேப்பர்ல அப்படித்தானே இருக்கு."

நான் அளவுகோலைப் பிடுங்கித் தாளின் மேல் நெட்டுக்குத்தாக வைத்தேன், இடது ஓரத்தை ஒட்டி. இரண்டாம் அறை அளவுகோலைத் தொட்டது. ஆறாம் அறை தொட்டது. ஒன்பதாம் அறை தொட்டது. ஏழாம் அறை தொடவில்லை. ஒரு கட்டைவிரல் நகம் அளவு உள்ளே தள்ளி நின்றது. அதன் மூன்று வரிகளும் அதோடு சேர்ந்து உள்ளே. உள்ளே தள்ளி நிற்கும் வரியை, மேலே இருக்கும் அறையின் பகுதி என்றுதான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். தளத்துக் கணக்கில் சொன்னால், பெட்டியெல்லாம் அப்படியே இருக்கிறது, எண்ணிக்கை சரி, ஆனால் பெட்டி அடுக்கும் பலகைகளில் ஏழாவதின் சரக்கைத் தூக்கி ஆறாவதின் மேல் வைத்திருக்கிறது. நான் கை வைத்து எண்ணியது பெட்டியை. பலகையைப் பார்க்கவே இல்லை.

அந்த எட்டு வரிக்கு நேரே, ஓரத்தில், என் கையெழுத்து.

சொல் எதுவும் மாறவில்லை. அதனால் நிறம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே ஏழாம் அறை உள்ளே போய்விட்டது. நான் அதை அச்சடித்து, கையெழுத்திட்டு, செருகி, பிறகு அதையே எடுத்து வந்து ஒன்பது பேர் முன்னால் வைத்து, எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்கு முதலில் வந்தது வெட்கம் என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. முதலில் வந்தது இன்னொரு சந்தேகம். இந்தச் சொல்வாரி முறையை எனக்கு வைத்துக் கொடுத்தது அவள்தானே. இடம் நகர்ந்தால் இது காட்டாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே என் கண்ணில் மண்ணைத் தூவி வைத்திருக்கிறாளா?

"அண்ணே, வரியா மாத்தி பாருங்கன்னு சொல்லுச்சே அந்தப் பொண்ணு," என்றான் நெட்டை. "எப்படி மாத்தறது?"

"தெரியல. எங்கயாவது எழுதி வெச்சிருப்பா."

திரையின் கீழ் ஓரத்தில் நான் ஒட்டிய லாரி நேர அட்டவணை இருந்தது. அதற்கடியில், அவள் சொல்வாரியாக மாற்றித் தந்த அன்று ஒட்டிய மஞ்சள் சீட்டு. அட்டவணையைக் கிழித்தேன். பசை காய்ந்து, பாதி உரிந்து வந்தது. அவள் கையெழுத்து, எனக்காகப் பெரிசு பெரிசாக எழுதியது.

"மாமா, இது சொல்ல மட்டும்தான் காட்டும். இடம் தள்ளினா, வரி ஒடஞ்சா காட்டாது. நிறமே இல்லாம ஒரு துண்டு வந்தா கையெழுத்து போடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க."

நெட்டையும் படித்தான். படித்துவிட்டு அளவுகோலை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான், இனி அதற்கு இங்கே வேலை இல்லை என்பது போல.

எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் மாசம் அவள் வரியாகத்தான் வைத்திருந்தாள். "எனக்குக் கண்ணு போகுது, மாறின சொல்ல மட்டும் காட்டு" என்று மூன்று நாள் நச்சரித்தது நான். "அதுல ஒரு கொறை இருக்கு மாமா" என்று அவள் சொல்ல ஆரம்பித்ததும், "கொறைய நீ பாத்துக்கோ, எனக்கு இடுப்பு வலிக்குது" என்றதும் நான். வெள்ளிக்கிழமை அந்தக் கறுப்பு எட்டு வரி ஏன் வந்தது என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. மாறாத வரியை எதற்கு அச்சடிக்கிறது, தாள் வீண் என்று நினைத்தேன். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏழாம் அறையின் நாலு வரியையும் ஓரத்துப் பக்கம் நாலு இடம் இழுத்துச் சேமித்தேன், மூலையில் எண் பன்னிரண்டு ஆனது. தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். நெட்டையும் வந்தான். அளவுகோலை வைத்துக் காட்டினேன். மேனேஜர் முட்டாள் இல்லை, ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப மாத்தினது அவதான?"

"தப்பா தள்ளினது அவதான் சார். ஆனா எனக்கு முன்னாடி. ராத்திரி வந்து ஒண்ணும் பண்ணல. மறைக்கல. இது நான் கையெழுத்து போட்ட பேப்பர்லயே இருந்துச்சு."

"நேத்தே மேல எழுதி அனுப்பிட்டேன்."

"திருத்தி எழுதுங்க சார்."

"திருத்தினா யார் பேர எழுதறது? அவ பேரையும் உன் பேரையும். அப்புறம், யாரையும் விசாரிக்காம ஒரே நாள்ல அனுப்பினவன் பேரையும்." தாளின் மேல் கையை வைத்தார். "இத இங்கயே வெச்சுட்டுப் போ. யோசிக்கலாம்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆள் யோசிக்கலாம் என்று சொன்ன எதுவும் திரும்ப வந்ததில்லை. தாளை அவர் கைக்கு அடியிலிருந்து இழுத்து, நாலாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. தடுத்தால் நெட்டை பார்ப்பான்.

அன்று சாயங்காலம் தீப்பெட்டி பார்த்து வைத்திருந்த ரூமுக்குப் போனேன். காலையிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். மூன்றாம் மாடி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி, கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு பாய், ஒரு மின்விசிறி, பிரிக்காத மூட்டை. உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியும் இல்லை.

தாளைப் பிரித்து அளவுகோல் இல்லாமல் விரலாலேயே காட்டினேன். அவள் பார்த்தாள்.

"காவலாளி எண்ண மாத்தும்போது எதையோ சேத்து செலக்ட் பண்ணி தள்ளியிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி நானும் சொல்வாரியாத்தான் பார்த்தேன். அவசரம்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அது என் தப்பு. அத யார் முன்னாடியும் சொல்லுவேன்."

"சீட்டு பார்த்தேன்," என்றேன்.

"எந்தச் சீட்டு?"

"மஞ்சள். நான் மேல லாரி அட்டவணைய ஒட்டிட்டேன்."

முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வேறா, தெரியவில்லை. "அதான் ஆறு மாசமா என்னை ஒரு தடவகூட கூப்பிடலையா? நான் நெனச்சேன், மாமா அவ்வளவு நல்லா பாக்கறாங்கன்னு."

நான் நின்றேன். வலி தொடையிலிருந்து கட்டைவிரலுக்கு இறங்கியது.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நெட்டைக்கும் தெரியும். மேஸ்திரிகிட்டயும் வர்ற வழியில சொன்னேன். மத்தவங்ககிட்டயும் ஒவ்வொருத்தரா சொல்லிடறேன்."

"ஒவ்வொருத்தரா சொன்னா அது காத்துல வந்த பேச்சு மாமா. கொழுந்தியாளுக்காக மாமன் சொல்றாரும்பாங்க. அன்னிக்கு எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு சொன்னீங்க. ஒண்ணா உக்கார வெச்சுத்தான் திருப்பி எடுக்கணும்."

"மேனேஜர் மறுபடி கூட்டம் போட மாட்டாரு."

"அத நீங்க பாத்துக்கோங்க. எனக்கு இடுப்பு வலிக்குது," என்றாள். என் சொல்லையே எடுத்து என் மேல் போட்டாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

வெளியிலிருந்து மென்பொருள் ஆள் வந்து, இடம் நகர்ந்தாலும் நிறம் வரும்படி வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். லாரி அனுப்புகிறவர் மாற்றலாகி வேறு கிடங்குக்குப் போனார். என் மனைவி என்னோடு தேவைக்குப் பேசுகிறாள், தேவைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தீப்பெட்டி இரண்டு இடத்தில் வேலை கேட்டாள். இரண்டிலும் எங்கள் கிடங்குக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். தாள் இன்னும் என் சட்டைக்குள் இருக்கிறது, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. மேனேஜரிடம் வாரம் ஒரு தடவை கேட்கிறேன். யோசிக்கலாம் என்கிறார்.

அந்த மேஜையில் நான் அவளைப் பற்றிச் சொன்னது பொய் என்று, அதைக் கேட்டவர்கள் அத்தனை பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, அவளும் கேட்க, என் வாயால் நான் சொல்ல வேண்டும். அது அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன். இன்னும் கொடுக்கவில்லை.